தீர்ப்பளிக்கும் உறுப்பே காயப்படும்போது

உலகின் பல நாடுகளில் ஆடுகளத்திற்குச் செல்லும் பனியன்கள் திருப்பூரில் பின்னப்பட்டுத் தைக்கப்படுகின்றன. ஆறு நாளும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் ஞாயிறன்று திடலுக்கு வந்து கபடியும் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடுகின்றனர். விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு மகிழ்வும் தருவது, அதில் ஐயமில்லை. ஆயினும், தலையில் அடிபட்டு விழுந்த ஒருவன் எழுந்து, "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று சொல்லும்போது திடல் முழுவதும் கைதட்டுகிறதே, அந்தக் கைதட்டல் அறமானதா? இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரிந்த காயம்

1962 மார்ச்சில் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டர் பார்படாஸ் தீவில் ஆடிக்கொண்டிருந்தார். சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவரது தலையைத் தாக்கி மண்டையோட்டை உடைத்தது. தலைக்கவசம் அணியும் வழக்கம் அன்று இல்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவர் ஃபிராங்க் வொரல் முன்வந்து இரத்தம் கொடுத்தார். இந்திய வீரர்கள் சிலரும் கொடுத்தனர். பின்னர், நம் வேலூரில் மருத்துவர் சாண்டி அவரது தலையில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். அறுபது ஆண்டுகள் தலைக்குள் இருந்த அந்தத் தகடு 2022இல்தான் அகற்றப்பட்டது. கான்ட்ராக்டர் மீண்டும் மட்டை பிடித்தார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் எதிலும் அதன்பின் இடம்பெறவில்லை.

அன்று எவரும் அவரை, "எழுந்து ஆடு" என்று சொல்லவில்லை. காயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே இரக்கம் பிறந்தது. பகைவன் போல் எதிரே நின்றவனும் தன் இரத்தத்தைத் தந்தான். காயம் கண்ணுக்குத் தெரியாதபோது நம் இரக்கம் எங்கே போய்விடுகிறது என்பதுதான் கேள்வி.

தெரியாத காயம்

மூளை மிக மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் நீர்மத்தால் சூழப்பட்டு இருக்கிறது. தலை வேகமாகத் திரும்பும்போதோ சட்டென நிற்கும்போதோ மூளை உள்ளே குலுங்குகிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதையே மூளை அதிர்ச்சி என்கிறோம். பின்னல் துணியைப் பிடித்து இழுத்து விட்டால் வெளிப்பார்வைக்கு அது பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். இழை தளர்ந்ததைக் கைதேர்ந்த கண்தான் காணும். மூளையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் குறை எதுவும் தெரியாது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதுமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், சற்றுமுன் நடந்தது மறந்துபோதல், காரணமற்ற எரிச்சல் ஆகியவையே அதன் அடையாளங்கள்.

தக்க ஓய்வு கிடைத்தால் பெரியவர்களில் பலர் இரண்டு வாரங்களில் தேறிவிடுவர். சிறுவர்களுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். ஆறுமுன் மீண்டும் அடிபட்டால் துன்பம் நீள்கிறது. இளம் வயதினரில் அரிதாக, இரண்டாம் அடியால் மூளை வீங்கி உயிரும் போவதுண்டு.

இதற்கு அப்பால், ஆண்டுகள் கடந்து வெளிப்படும் விளைவு ஒன்று உண்டு. 1928இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், நெடுநாள் குத்துச்சண்டை போட்டவர்கள் குடிவெறியர் போலத் தள்ளாடுவதையும் அறிவு மங்குவதையும் எழுதிவைத்தார். குத்துச்சண்டையோடு அது முடிந்தது என்றே உலகம் நினைத்தது. 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஐம்பதாம் வயதில் இறந்தார். புகழின் உச்சியில் இருந்தவர், இறுதி நாள்களில் மனம் குழம்பித் தம் வண்டியிலேயே உறங்கும் நிலைக்கு வந்திருந்தார். அவர் உடலை ஆய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. மூளை வெளித்தோற்றத்தில் நலமாகவே இருந்தது. அத்துடன் விட்டுவிடாமல் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 'டாவ்' என்னும் புரதம் முறைகேடாகப் படிந்து நரம்பணுக்களைக் கெடுத்திருப்பதைக் கண்டார். அவர் 2005இல் அதை வெளியிட்டபோது, அந்த விளையாட்டு அமைப்பைச் சார்ந்த மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கேட்டனர். உண்மை திரும்பிப் போகவில்லை.

ஒரு பெரிய அடியால் வருவதன்று இந்த நோய். ஆண்டுக்கணக்கில் வாங்கும் சிறு சிறு அடிகளின் கூட்டுத்தொகை. ஆடியவர் அனைவருக்கும் அது வருவதில்லை. உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டறியவும் இன்னும் வழியில்லை. ஆனால் 2019இல் ஸ்காட்லாந்தில் 7,676 முன்னாள் கால்பந்து வீரர்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு சிந்திக்கத்தக்கது. இதய நோயால் அவர்கள் இறப்பது பிறரைவிடக் குறைவு. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பதோ ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆட்டம் நெஞ்சுக்குக் கொடுத்ததை, தலையிடமிருந்து எடுத்துக்கொண்டது எனலாம்.

பஞ்சுத் தூசி கற்பித்த பாடம்

நம் பகுதி மக்களுக்கு இது புதிய பாடமன்று. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து உழைத்தவர்களின் நெஞ்சு ஒரே நாளில் கெட்டதில்லை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் முதலில் நெஞ்சிறுக்கம் தோன்றும். பின்னர் எல்லா நாளும் தோன்றும். ஆண்டுகள் சென்றபின் மூச்சே பாரமாகும். பிசினோசிஸ் எனப்படும் அந்நோயை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழில்சார் நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது.

ஜெஃப் ஆசில் என்ற ஆங்கிலேயக் கால்பந்து வீரர் தலையால் பந்தடிப்பதில் பெயர்பெற்றவர். அவர் 2002இல் 59ஆம் வயதில், நினைவாற்றல் முற்றிலும் சிதைந்த நிலையில் இறந்தார். அவரது சாவை விசாரித்த அதிகாரி எழுதிய காரணம்: தொழில் நோய். பஞ்சாலைத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் பந்தாட்டக்காரரின் மூளைக்கும் ஒரே சொல்! 2020இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கான பயிற்சியில் தலையால் பந்தடிப்பதை விலக்கின.

விரும்பித்தானே ஆடுகிறான்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "வளர்ந்த மனிதன், தன் விருப்பத்தால் ஆடுகிறான், தடுக்க நாம் யார்?" மனித உரிமையை மதிக்கும் இக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஆனால் கால் முறிந்தவன் தன் நிலையைத் தன் மூளையால் எடைபோடுகிறான். மூளையில் அடிபட்டவன் எதனால் எடைபோடுவான்? தீர்ப்பளிக்க வேண்டிய உறுப்பே காயப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவன் சொல்லும் "ஒன்றுமில்லை" என்ற சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

மேலும், கைதட்டல் பெறுபவன் இருபது வயது இளைஞன். விலை கொடுப்பவனோ ஐம்பது வயது மனிதன். அவனோடு அவன் மனைவியும் மக்களும் கொடுக்கிறார்கள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என ஏங்கும் ஏழை வீட்டுப் பிள்ளை வலியை மறைப்பது, பீஸ் ரேட் கூலி போய்விடுமே என்று ஊசி ஏறிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தைப்பதைப் போன்றது. அதை வீரம் என்று புகழ்ந்து நாம் நகர்ந்துவிடலாகாது.

ஆகவே, முடிவெடுக்கும் கடமை அருகில் நிற்பவர்களைச் சேர்கிறது. பன்னாட்டுக் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரரைக் களமிறக்கும் விதி 2019இல் வந்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டபோது, அவர் அந்த ஓவர் முடியும்வரை ஆடினார். இடைவேளைக்குப் பின்னரே அவருக்குப் பதிலாகச் சாஹல் வந்தார். சாஹல் மூன்று விக்கெட் எடுத்ததால், இது தந்திரமோ என்ற சர்ச்சையும் எழுந்தது. சில தந்திரங்களுக்கு இடம் கொடுத்தாலும் ஒரு மூளையைக் காப்பது மேல்.

மருத்துவர் இல்லாத நம் ஊர்த் திடலுக்கு அத்தனை விதிகள் வேண்டியதில்லை. தலையில் அடிபட்டு இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அன்று மீண்டும் களம் இறக்கலாகாது. முழுதும் தேறியபின் மருத்துவரின் சொற்படி, படிப்படியாகவே திரும்ப வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் கண்டாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அணித்தலைவரும் உடற்கல்வி ஆசிரியரும் பெற்றோரும், "நீ வெளியே வா" என்று சொல்லத் துணிய வேண்டும். ஒரு கோப்பை போகலாம். அடுத்த ஆண்டு வேறொரு கோப்பை வரும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் பழைய கேள்விகளோடு, "நீ செய்யும் தொழில் என்ன?" என்ற ஒன்றையும் சேர்க்கச் சொன்னவர் அவர். அந்த ஒரு கேள்வி எத்தனையோ பேரின் துன்பத்திற்குக் காரணம் காட்டியது. இன்று மறதியும் சினமும் மேலிட்டு, வீட்டாரால், "குணம் கெட்டவன்" என்று ஒதுக்கப்படும் ஒரு முன்னாள் ஆட்டக்காரரைக் கண்டால், தீர்ப்புச் சொல்லும் முன், "இளமையில் என்ன ஆடினீர்கள்? தலையில் எத்தனை முறை அடிபட்டது?" என்று கேட்போம். கேட்பதே இரக்கத்தின் முதற்படி.