தந்தையர் தந்த செல்வம்

பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் செல்வங்கள் பல. நிலமும் பொன்னும் பங்கிடப் பங்கிடக் குறையும். பிறர் துயர் கண்டு இரங்கும் உள்ளமோ பங்கிடப் பங்கிட வளரும். அத்தகைய செல்வத்தைத் தந்தையரிடமிருந்து பெற்ற இரு பெண்மணிகளால் கல்கத்தாவில் ஒரு பள்ளி தோன்றியது.

1864-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. ஜெயராம்பாடி கிராமத்தில் வாழ்ந்த ராமசந்திர முகர்ஜி பெரிய செல்வந்தர் அல்லர். முந்தைய ஆண்டு விளைந்த நெல் அவரிடம் சிறிது சேமிப்பாக இருந்தது. தம் குடும்பத்திற்கென்று அதைப் பூட்டி வைத்திருந்தாலும் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் களஞ்சியத்தைத் திறந்தார். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பெரிய பானைகளில் கிச்சடி சமைத்து, பசித்து வந்தோர்க்கெல்லாம் வழங்கினார்.

பசியின் வேகத்தில் உணவு ஆறும்வரை காத்திருக்க அவர்களால் முடியவில்லை. அதைக் கண்ட அவருடைய மகள், பத்து, பதினொரு வயதுச் சிறுமி, இரு கைகளாலும் விசிறி பிடித்துச் சூட்டை ஆற்றினாள். ஒரு நாள் பசியால் கண் சிவந்த பெண்ணொருத்தி, மாட்டுத் தொட்டியில் ஊறிய தவிட்டையே அள்ளி உண்டாள். வீட்டினுள் உணவு இருக்கிறது என்று சொல்லியும் அவளால் பொறுக்க இயலவில்லை. விசிறி வீசிய அச்சிறுமியே அன்னை ஸ்ரீசாரதாதேவி. பிற்காலத்திலும் அன்னை இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்ததுண்டு.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர் மார்கரெட் நோபிள். அவருடைய தந்தை சாமுவேல் நோபிள் வணிகத்தைத் துறந்து சமய போதகரானவர். ஏழைகளின் இல்லங்களுக்கு அவர் செல்லும்போது மகளும் உடன் செல்வாள். 34 வயதிலேயே அவர் மறைந்தார். மார்கரெட்டுக்கு அப்போது 10 வயது. பணச் செல்வம் எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. தொண்டில் தோய்ந்த வாழ்வை மகளின் கண்முன் வாழ்ந்து காட்டியிருந்தார். அந்த மகளே சுவாமி விவேகானந்தரின் அழைப்பை ஏற்று 1898-இல் இந்தியா வந்து, சகோதரி நிவேதிதை ஆனார்.

அந்நியப் பெண்ணுக்கு வைதிக இல்லங்கள் கதவு திறவாத காலம் அது. அந்தணக் குலத்து விதவையான அன்னையோ அவரை மகளாக ஏற்று, உடன் அமர்ந்து உண்டார். தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். 1898 நவம்பர் 13, காளி பூஜை நாளன்று, பாக்பஜாரில் நிவேதிதையின் பெண்கள் பள்ளியை அன்னையே பூஜை செய்து திறந்து வைத்தார். சுவாமி விவேகானந்தரும் அங்கிருந்தார். அன்னையின் ஆசி கிடைத்த பின்னர் அத்தெருவினரின் தயக்கம் மெல்லக் கரையத் தொடங்கியது.

எனினும் துன்பம் தீரவில்லை. வீடு வீடாகச் சென்று பெண் குழந்தைகளைக் கேட்டு அழைத்து வர வேண்டியிருந்தது. பணமின்றிப் பள்ளி நின்றது. நிதி திரட்ட நிவேதிதை 1899-இல் மேலைநாடு சென்றார். திரும்பி வந்து, 1902-இல் மீண்டும் பள்ளியைத் திறந்தார். நூல்கள் எழுதி வந்த வருவாயைப் பள்ளிக்கே ஈந்தார். தம் உணவையும் வசதியையும் சுருக்கிக்கொண்டார். 1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் மறைவதற்கு முன், தம் உடைமைகளை இந்தியப் பெண்களின் கல்விக்கே எழுதி வைத்தார். அப்பள்ளி 1963-இல் ஸ்ரீராமகிருஷ்ண சாரதா மிஷனின் பொறுப்பில் வந்தது.

ஜெயராம்பாடியில் ஒரு தந்தை வயிற்றுப் பசிக்கு உணவிட்டார்; மகள் அறிவுப் பசி தீர்க்கும் சாலையைத் திறந்து வைத்தார். அன்னதானம் வித்யாதானமாக மலர்ந்தது.

குழந்தைகளுக்கு ஈகையைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. வாசலில் வந்து நிற்பவருக்கு இடும் பிடி அரிசியை அவர்கள் கையாலேயே இடச் செய்ய வேண்டும். அன்று சிறுமியின் கையில் யாரும் பெருஞ்செல்வத்தைத் தரவில்லை. இருந்தது ஒரு விசிறியே. அதை இரு கைகளாலும் வீசினாள் என்பதில்தான் அவளுடைய ஈகை இருந்தது.