கரை சேரப் பிந்தியவர்கள்

நெடுந்தீவில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால் வீட்டார் முதலில் தேடுவது படகை. கடல் கொந்தளித்துக் குமுதினிப் படகு ஓடாத நாளில் நோயாளி தீவிலேயே கிடப்பதும், பிறகு கடற்படைப் படகில் ஏற்றப்படுவதும் யாழ்ப்பாணத்துக்குப் பழகிய செய்தி. பழகிப்போனதுதான் வெட்கக்கேடு.

குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டிப் போதனா வைத்தியசாலை. இரவு சுகமாகப் படுத்தவர் விடியப் பேச்சுக் குழறி, ஒரு கை விழுந்து எழும்பினால், கடைசியாக நலமாயிருந்த நேரத்திலிருந்தே சிகிச்சைக்கான நேரக் கணக்குத் தொடங்கும். படகில் ஏறமுன்னரே அவருடைய நேரம் முடிந்துவிடும்.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம், குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சைக்கு ஆறு என்பதே முன்னைய எல்லை. 2018இல் அச்சான டோன் (DAWN) ஆய்வு அந்த ஆறு மணித்தியால எல்லையை அசைத்தது. 6 முதல் 24 மணித்தியாலம் கழித்து வந்தவர்களில், மூளைப் படத்தில் சேதம் சிறிதாகவும் உடலில் இயலாமை பெரிதாகவும் இருந்தவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். கட்டி அகற்றப்பட்டவர்களில் 49 சதவீதத்தினர் 90ஆம் நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தனர். மற்றவர்களில் 13 சதவீதத்தினரே. ஆகவே மணிக்கூட்டை மட்டும் காட்டித் தீவாரைக் கைவிடுவது அறமல்ல.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் சேர்த்தே எண்ணச் சொன்னார். காலத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. செங்கோன்மையிலோ, யாரிடத்தும் முகம் பாராது ஆராய்ந்து செய்வதே முறை என்றார். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே என்பது இங்குள்ள மரபு. அந்தப் பாத்திரம் பசித்தவரிடம் ஊரும் கேட்கவில்லை, வந்த நேரமும் கேட்கவில்லை. இந்தக் கடலில் பிறந்த அறத்தை இந்தக் கடல் கடந்து வருபவருக்கே மறுக்கலாமா?

பணமும் நிபுணரும் குறைந்த நாட்டில் அதிக பயன் பெறுபவருக்கே முதலிடம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பயனை அளந்து சொல்வதும் படமே, முகவரி அல்ல. படத்தை அளக்க விலைகூடிய மென்பொருள் வேண்டுமே என்ற சாட்டும் நில்லாது. 2023இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்று, சீ.ரி. இரத்தக்குழாய்ப் படத்தில் பக்கக் குழாய்களின் ஓட்டத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்து, பிந்தியவர்களிலும் பயன் கண்டது.

நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைத் தீவு வைத்தியசாலையிலேயே எழுதி அனுப்புங்கள். இரவிலும் ஒரு படகைத் தயாராக வைத்திருங்கள். ஆறு மணித்தியாலம் கடந்தவருக்கும் இரத்தக்குழாய்ப் படம் எடுங்கள். படத்தைப் பார்த்து இயலாது என்றால் தீவார் ஏற்பார்கள். பாராமலே பிந்திவிட்டது என்றால் ஏற்க வேண்டியதில்லை.