அபராதம் கட்டியாயிற்று, பிறகு?



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் வட்டாரம் அது. விருந்து முடிந்த பின், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்டார்: "ஹஜரத், மூத்தவன் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போலீசில் சிக்கிக்கொண்டான். என் வளையலை அடகு வைத்துக் கோர்ட்டில் பத்தாயிரம் கட்டினோம். இத்தோடு தீர்ந்ததுதானே?"

கோர்ட்டைப் பொறுத்தவரை தீர்ந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பவன் வண்டி ஓட்டுவது குற்றம். கஞ்சா, மாத்திரை போன்ற போதையில் வண்டி வசப்படாத நிலையில் ஓட்டினாலும் அதே பிரிவுதான். முதல்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். 2019இல் திருத்துவதற்கு முன் முதல் அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. லைசென்ஸைத் தகுதி நீக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு.

"யாரையும் இடிக்கவில்லையே, எதற்குத் தண்டனை?" என்பார் உண்டு. இடித்த பின் தண்டித்து யாருக்கு என்ன பயன்? பாவத்தின் வாசலையே அடைப்பது ஷரீஅத்தின் வழக்கம். இவ்விஷயத்தில் நாட்டுச் சட்டமும் அப்படியே செய்கிறது. ஆனால் சட்டம் அளவு பார்க்கிறது, மார்க்கம் பார்ப்பதில்லை. அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. கருவியில் ஊதி 25 என்று வந்தவன் போலீசிடமிருந்து தப்பினான், அவ்வளவே.

மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில், மது அருந்தியவன் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிய கூலியாட்கள் மீது ஏறி ஏழு பேர் மாண்டனர். அவனுக்கு விதித்த 3 ஆண்டு சிறையைச் சுப்ரீம் கோர்ட் 2012இல் உறுதி செய்தது. நம் ஹனஃபி சட்ட நூல்களில், பொதுப்பாதையில் சவாரி மிருகம் மிதித்ததற்கு அதன் மேல் இருந்தவன் பொறுப்பு. போதையில் இருந்தேன் என்ற சாக்கும் செல்லாது. விரும்பிக் குடித்தவன் போதையில் சொன்ன தலாக்கே செல்லும் என்கிறார்கள். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன்மீதும் வாரிசுகளுக்கு நஷ்டஈடும், அடிமையை விடுவிக்க வழியில்லாதபோது தொடர்ந்து இரண்டு மாத நோன்பும் கடமை என்று அந்நிஸா அத்தியாயம் விதிக்கிறது. இன்ஷூரன்ஸ் இந்த நோன்பை நோற்காது. (கம்பெனி கொடுத்த பணத்தையும் வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடுவதுண்டு.)

அந்தத் தாயிடம் சொன்னோம்: "அம்மா, குடித்தது அல்லாஹ்வுக்கு மாறு செய்தது. அதற்கு மனம் வருந்தி, விட்டொழித்து, இனி தொடுவதில்லையென்று உறுதி கொள்ள வேண்டும். வளையலோ உங்கள் ஹக்கு. அதை மீட்டுத் தருவது அவன்மீது கடன். நீங்களாக மன்னித்தாலொழிய தவ்பா அதை அழிக்காது."

பிறகு, வண்டியில் அன்று வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டோம். குடித்தவன் ஓட்டுவதற்குத் துணைபோவதும் அச்சட்டத்தின் 188ஆவது பிரிவில் குற்றம். சென்னைப் போலீசார் 2022 அக்டோபரில் பின்னால் அமர்ந்தவருக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள்.

திரைக்கு அப்பால் சற்று நேரம் பேச்சில்லை. "சின்னவன் இருந்தான், ஹஜரத்" என்றார். சின்னவனை அழைத்து வரச் சொன்னோம்.