நிற்குமிடம்

பட்டை உரிக்காத ஆஸ்பென் கொம்பு. கட்டைவிரலைவிடச் சற்றுத் தடி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பச்சை மரம் கத்திக்கு இணங்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆஸ்பென் மரத்துக்கும் வில்லோவுக்கும் பஞ்சமில்லை.

இதிலிருந்து கரண்டியோ பொம்மையோ வரப்போவதில்லை. ஒரே குச்சியில் வரிசையாகப் பலவகைக் காடிகள், அவ்வளவுதான். ஒரு முனை உருண்டை, மறுமுனை உளிபோல் சப்பை. இடையில் கயிறு கட்ட ஒரு வளையப் பள்ளம், சதுரக் காடி, சேணம்போல் குழிந்த ஒன்று, புறாவால், பாத்திரம் தொங்கவிடும் மூக்குக் காடி. ‘ட்ரை ஸ்டிக்’ என்னும் இந்தப் பழக்கக் குச்சியைப் பலருக்கும் அறிமுகம் செய்தவர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி. 1940இல் பிறந்து 2019இல் மறைந்த கனடாக்காரர். வட காடுகளில் பிழைத்திருக்கும் வித்தையைப் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தார். கூடாரத்துக்கு முளை, வில்லுக்கு நாண் ஏற்றும் இடம், பொறிக்கு விசை எல்லாமே ஏதோ ஒரு காடியில்தான் நிற்கின்றன. குளிரில் விரல் மரத்த பிறகு காடி வெட்டக் கற்க முடியாது.

*

கத்தி மடக்குவது அல்ல. அலகின் எஃகு பிடிக்குள் நீண்டு அசையாமல் இருக்கிறது. ஸ்வீடனின் மோரா வட்டாரத்துக் கத்தி, விலை அதிகமில்லை. அங்கே 1891இல் தொடங்கிய பட்டறையின் வழியில் வந்தது. அலகு சுமார் 10 செ.மீ. பக்கவாட்டில் தொடங்கும் சரிவு கோணம் மாறாமல் நேரே வாய்வரை இறங்குகிறது. அந்தச் சரிவை மரத்தில் படியவைத்தால் போதும். முதுகைச் சற்றுத் தூக்கினால் வாய் உள்ளே இறங்கும். தாழ்த்தினால் சுருள் மெலிந்து மேலேறி முடிந்துவிடும். பெரிய கத்தி தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

*

காடியின் முதல் வெட்டு மரத்தை எடுப்பதற்கு அல்ல. குறுக்கே, நாரை அறுத்து, ஒரு கோடு. அலகைக் குச்சிமேல் அழுத்தி முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் இறங்கும். அதன் பிறகுதான் பக்கத்திலிருந்து அந்தக் கோட்டை நோக்கிச் சீவுவது. சுருள் கோட்டைத் தொட்டதும் தானாக உதிர்கிறது. கோடு ஆழம் போதாவிட்டால் மரம் நார்வழியே பிளந்துகொண்டு எல்லை தாண்டி ஓடும். ஆகவே கொஞ்சம் கோடு, கொஞ்சம் சீவல், மறுபடி கோடு.

நிற்க வேண்டிய இடத்தை வெட்டிவிட்டுத்தான் புறப்படுவது. என் பேச்சிலோ எழுத்திலோ இந்த வரிசை இல்லை. புறப்பட்டுவிடுகிறேன், எங்கே நிற்பது என்பதைப் போகும்போது தேடுகிறேன்.

*

வலது கை பிடித்திருக்கிறது, தள்ளுவதில்லை. தள்ளுவது இடது கட்டைவிரல், கத்தி முதுகில். அது எட்டும் தூரம்தான் வெட்டின் நீளம். கட்டுப்பாடு என்பது இங்கே விரலின் அளவுதான்.

தடித்த சீவலுக்கு வேறு வழி: கத்திக்கையை முழங்காலோடு ஊன்றி அசையாமல் வைத்து, குச்சியைப் பின்னால் இழுப்பது. மரம்தான் நகர்கிறது. இதில் ஒரு விசித்திரமான நிம்மதி.

தொடைகளுக்கு நடுவே மட்டும் செதுக்கக் கூடாது. தொடையின் உட்புறம் ஓடும் பெரிய நாடி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். முழங்கைகளை முழங்கால்மேல் வைத்துக் குனிந்தால் கத்தி கால்களைத் தாண்டி வெளியே இருக்கும். மனம் எங்கோ போகும்போது உடம்பு இருக்கும் விதமாவது சரியாக இருக்கட்டும்.

*

மூக்குக் காடிதான் எனக்குப் பிடித்தது. பெருக்கல் குறிபோல் இரண்டு கோடுகள், ஆழமாக. நான்கு கூறுகளில் மூன்றை ஒவ்வொன்றாகச் சரித்து எடுக்க வேண்டும். மிஞ்சும் ஒன்றின் அடியைக் குடைந்தால் கிளிமூக்கு வந்துவிடும். குடைவதற்கு அலகின் நுனி மட்டும்தான் நுழையும். அங்கே அவசரம் செல்லாது. கடைசித் துகளைப் பெயர்த்து எடுக்க நினைத்தால் மூக்கே ஒடிந்து கையில் வரும். நாரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வழவழவென்று தேய்த்து எண்ணெய் பூசிய குச்சிகளைச் சிலர் படமெடுத்து வைக்கிறார்கள். அழகுதான். ஆனால் மூக்கு சரியா என்று கண்ணால் சொல்ல முடியாது. சாய்த்து நட்ட கம்பின் முனையில் குச்சியை மாட்டி, தண்ணீர் நிறைந்த கெட்டிலைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாகக் குடைந்தது கனம் ஏற ஏற இறுகப் பிடிக்கும்.

புறாவாலுக்கு ஜோடி வேண்டும். பச்சையில் கச்சிதமாகப் பொருந்துவது காய்ந்ததும் சுருங்கித் தளரும் என்பதால், உள்ளே நுழையும் துண்டை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வெட்டலாம்.