'காட்டாதே' என்பவர் யார்?

கதைப்படத்திற்குக் கொட்டகை உண்டு. கொடி உண்டு, தோரணம் உண்டு. கட்டவுட்டுக்குப் பாலூற்றிப் பரவசப்படும் கூட்டமும் உண்டு. ஆவணப்படத்திற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் துணி, ஒரு கருவி, ஐம்பது நாற்காலி, அவற்றிலும் பாதி காலி! ஆயினும், ஆயிரம்பேர் ஆர்ப்பரிக்கும் படத்தைக் கண்டு கலங்காத அதிகாரம், ஐம்பதுபேர் அமைதியாக அமர்ந்து காணும் படத்தைக் கண்டு கலங்குகிறது. காரணம் வெளிப்படை. கதைப்படத்தில் இடிவது அட்டை வீடு. ஆவணப்படத்தில் இடிவது ஆறுமுகத்தின் குடிசை. அங்கே அழுபவர் கூலி பெற்று அழுகிறார். இங்கே அழுபவர் கூலி கிடைக்காததால் அழுகிறார்.

காலாப்பட்டு இந்தக் கலக்கத்தை நேரில் கண்ட ஊர். கிழக்கே கடல், ஏனைய புறமெல்லாம் தமிழ்நாட்டு ஊர்கள், நடுவே புதுவை ஆட்சிக்கு உட்பட்ட ஒரு துண்டு நிலம். பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இழுத்த எல்லைக்கோடு மட்டும் போகவில்லை. அந்தத் துண்டு நிலத்தில் 1985இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியச் சிறைச்சாலை இருக்கிறது. பெரிய காலாப்பட்டு, சின்னக் காலாப்பட்டு என மீனவர் வாழும் குப்பங்கள் இருக்கின்றன. கற்க ஓரிடம், காவலில் வைக்க ஓரிடம், கடலோடு போராட ஓரிடம்! 2023 சனவரியில், குஜராத் கலவரம் பற்றிப் பி.பி.சி. எடுத்த ஆவணப்படத்தின் இணைப்புகளை நீக்குமாறு இந்திய அரசு ஆணையிட்டது. அந்தப் படத்தை அந்தப் பல்கலைக்கழக மாணவரில் ஒரு சாரார் பார்க்க முனைந்தனர், மறுசாரார் எதிர்த்தனர், பூசல் எழுந்தது. அப்படத்தின் கூற்று சரியா, தவறா என்பதை நாம் இங்கே ஆராய வரவில்லை. பார்த்துவிட்டு மறுக்கலாம், பார்த்துவிட்டு ஏற்கலாம்; பார்க்கவே கூடாது என்றால், அங்கே அறிவுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டு, மேலே செல்கிறோம். நாம் கேட்க வந்தது அதனினும் கடினமான கேள்வி.

'காட்டாதே' என்பவர் யார்? எவர் சொல்லும் 'காட்டாதே'யை நாம் எதிர்க்க வேண்டும்? எவர் சொல்லும் 'காட்டாதே'க்கு நாம் தலைவணங்க வேண்டும்?

மேலிருந்து வரும் 'காட்டாதே'யை முதலில் பார்ப்போம். 1968இல் கே.ஏ. அப்பாஸ், கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களின் மாளிகை வாழ்வையும் சேரி வாழ்வையும் அருகருகே வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயில் பெண்கள் விலைபேசப்படும் தெருவைக் காட்டும் பகுதியை வெட்டு என்றது தணிக்கை. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து, வெட்டின்றிச் சான்றிதழ் தர இசைந்தது. ஆனால், படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்திற்கு ஒத்ததே என்று 1970இல் தீர்ப்பு வந்தது.

அதே 1970இல், பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இந்தியாவைச் சுற்றி எடுத்த தொடர்படத்தைப் பி.பி.சி. இலண்டனில் ஒளிபரப்பியது. சென்னையும் அதில் உண்டு. புதுவை அரவிந்தர் ஆசிரமமும் உண்டு. இந்தியாவின் வறுமையைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டான் வெள்ளைக்காரன் என்று கொதித்தது அரசு, டில்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகமே மூடப்பட்டது. பாதையோரத்தில் பிள்ளை பெறுவது நாட்டுக்கு இழிவாகத் தோன்றவில்லை. அது படத்தில் பதிவதுதான் இழிவாகத் தோன்றியது! முகத்தில் புண் இருக்க, கண்ணாடியை உடைத்தால் புண் ஆறுமோ?

இது பழங்கதை என்று தள்ளவேண்டாம். 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். மலத்தை மனிதன் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டுவிட்டது. சட்டப்படி இல்லாத அந்தத் தொழில் ஊர்தோறும் இருப்பதை அப்படம் காட்டியது. பல இடங்களில் திரையிடத் தடை. இயக்குநர் மீது வழக்கு! இல்லை என்று ஏட்டில் எழுதிவிட்ட ஒன்றை, இதோ இருக்கிறது என்று காட்டினால், ஏட்டைத் திருத்துவதா, காட்டியவரைத் திருத்துவதா?

இவ்வளவும் கேட்டுத் தோழர்கள் கைதட்டுவார்கள். கைதட்டிய கையைச் சற்றே நிறுத்திவைக்கக் கோருகிறோம். ஏனெனில், கீழிருந்தும் ஒரு 'காட்டாதே' வருகிறது.

1985இல் ஆனந்த் பட்வர்த்தன் 'பம்பாய் நமது நகரம்' என்னும் படத்தை எடுத்தார். நடைபாதைக் குடிசைகளை நகராட்சி இடித்துத் தள்ளுவதும், நகரைக் கட்டிய கைகளுக்கே நகரில் இடமில்லாமற் போவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் படத்திலேயே, குடிசையிழந்த ஒரு பெண் படக்கருவியை நோக்கிச் சீறுகிறார்: ஏழைகளைப் படம்பிடித்துப் பேர் வாங்கிக்கொள்ள வந்தாயே, எங்களுக்கு நீ என்ன செய்துவிடப் போகிறாய் என்பது அவர் கேள்வியின் சாரம். இயக்குநர் அந்தக் காட்சியை வெட்டியெறிந்திருக்கலாம், எறியவில்லை. தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் காட்சியைத் தம் படத்திலேயே வைத்தார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால், பாராட்டிவிட்டால் அந்தத் தாயின் கேள்விக்கு விடை வந்துவிடுமா?

வீதியில் மலம் அள்ளும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மதுரையில் அமுதன் 2003இல் எடுத்த 'பீ' என்னும் படம் அப்படி ஒரு பெண்ணின் அன்றாட வேலையைப் பின்தொடர்கிறது. பார்ப்பவர் முகம் சுளிக்கிறார், மூக்கைப் பொத்துகிறார், பின் வெட்கித் தலைகுனிகிறார். அந்த வெட்கம் நல்லது. ஊர் பட வேண்டிய வெட்கம் அது. ஆனால், அதுபோன்ற வேலையில் இருக்கும் வேறொரு பெண், தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் தன் தொழில் தெரியவேண்டாம் என்று எண்ணி, என்னைப் படம் எடுக்காதே என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சமுதாயத்திற்கு நன்மை விளையும், ஆகவே எடுப்பேன் என்று கருவியைத் தூக்குபவனுக்கும், ஊருக்கு நன்மை விளையும், ஆகவே நீ மலம் அள்ளு என்றவனுக்கும் என்ன வேற்றுமை? இருவரும் அவரைக் கேட்கவில்லை. இருவருக்கும் அவர் ஒரு கருவி!

ஆக, அமைச்சரும் 'காட்டாதே' என்கிறார். அள்ளும் பெண்ணும் 'காட்டாதே' என்கிறார். சொல் ஒன்று. பொருளும் ஒன்றா?

ஒன்றன்று. அமைச்சர் மறைக்க விரும்புவது பிறர்க்குத் தாம் செய்ததை, அல்லது செய்யத் தவறியதை. அந்தப் பெண் மறைக்க விரும்புவது பிறர் தமக்குச் செய்ததை. முன்னது செயல், பின்னது முகம். செயல் என்பது, அதனால் பாதிக்கப்பட்ட அனைவர்க்கும் உரிய செய்தி. அதைப் பூட்டிவைக்க எவர்க்கும் உரிமை இல்லை. முகம் என்பது அதை உடையவர்க்கே உரியது. அதைப் பறிக்க எவர்க்கும் உரிமை இல்லை. 1999 சூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தொழிலாளர்க்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தைக் காவலர் தடியடி நடத்திக் கலைத்தபோது, தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்நிகழ்ச்சியின் காட்சிகளை மக்கள் முன் வைத்தது. ஓங்கிய தடி பொதுச்செய்தி. அதைக் காட்ட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோல் ஏழை, பணக்காரன் என்ற கணக்கில் நிற்பதன்று. செல்வன் வீட்டுச் சாவும் சாவே. அவன் அழும் முகத்தைச் சன்னல் வழியே திருடிப் படம்பிடிப்பது வீரமாகாது. அதுபோலவே, குடிசையில் இருப்பவன் என்பதாலேயே, மனைவியை அடிப்பவன் 'காட்டாதே' என்று ஆணையிட முடியாது. அந்தக் குடிசைக்குள் அவன்தான் ஆட்சியாளன். அங்கே நாம் கேட்க வேண்டிய இசைவு, அடிபட்டவளின் இசைவு.

இசைவு கேட்டோம், தலையசைத்தார்கள் என்பாரும் உளர். பசித்தவன் தலையசைப்பதற்கு எத்தனை பொருள் உண்டு என்பதைப் பசித்தறியாதவர் அறியார். படம் வந்தால் வீடு வரும் என்று எண்ணி அசைத்த தலை உண்டு. அதிகாரி போலிருக்கிறார் என்று அஞ்சி அசைத்த தலை உண்டு. முதுமலைத் தெப்பக்காட்டில் யானைக்குட்டி வளர்த்த பழங்குடி இணையரைப் பற்றிய படம் 2023இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. உலகம் வியந்தது, தமிழகம் மகிழ்ந்தது. அதே ஆண்டில், தமக்கு உரியது தரப்படவில்லை என்று அவ்விணையர் முறையிட்டதும், படத்தை எடுத்தோர் அதை மறுத்ததும் செய்தியாயின. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்லர். ஆனால், படம் எடுப்பவர்க்கும் எடுக்கப்படுபவர்க்கும் இடையே என்ன உடன்பாடு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசவேண்டும் என்ற பாடத்தை அது கற்பிக்கிறது.

பகுத்தறிவாளர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. கல்லைக் கும்பிடாதவர்கள் காமிராவையும் கும்பிடக் கூடாது. கண்ணால் கண்டேன், ஆகவே மெய் என்பது பகுத்தறிவாகாது. கண்டதை ஆராய்வதே பகுத்தறிவு. 1895இல் பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் எடுத்த முதற்படங்களுள் ஒன்று, லியோன் நகரில் தொழிற்சாலையை விட்டுத் தொழிலாளர் வெளிவரும் காட்சி. திரைப்படத்தின் முதற் பொருளே உழைப்பாளி என்று நாம் பெருமை கொள்ளலாம்! ஆனால், கருவி யாருடையது? ஆலை முதலாளியுடையது. வெளிவந்தவர் யார்? அவரிடம் கூலி பெற்றவர். அந்தக் காட்சியும் ஒருமுறை எடுத்ததன்று. திரும்பத் திரும்ப எடுத்தது. 1922இல் பிளாகர்ட்டி, துருவப் பகுதி இனுவிட் மக்களைப் பற்றி எடுத்த புகழ்பெற்ற படத்தில், துப்பாக்கி அறிந்த மக்களை ஈட்டியோடு வேட்டையாடச் செய்தார். இந்திய அரசு 1948இல் நிறுவிய திரைப்படப் பிரிவின் செய்திப்படங்களைக் கொட்டகைகள் கட்டாயமாகக் காட்டின. அணை திறக்கும் அமைச்சர் அவற்றில் இருந்தார், அணைக்காக ஊரை இழந்தவரைக் காண்பது அரிதாயிருந்தது. இருபது வயது இளைஞரிடம் நாட்டைப் பற்றி மனம்விட்டுப் பேசச் சொல்லிச் சாஸ்திரி 1967இல் எடுத்த படம் போன்ற நல்முத்துகளும் அந்தப் பிரிவிலிருந்தே வந்தன என்பதை மறைக்க மாட்டோம். படம் என்பது ஒரு சாட்சி. சாட்சியை மதிக்கலாம்; குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பலாகாது.

கண்ணீரை மட்டும் காட்டும் படம் எப்படிப் பொய்யாகிறது என்பதற்குக் காலாப்பட்டுக் கடற்கரைக்கே வருவோம். அருகிலுள்ள பிள்ளைச்சாவடியில் கடல் கரையைத் தின்கிறது. மீனவர் வீடுகள் இடிந்து விழுகின்றன. விழுந்த சுவரையும் விம்மும் மூதாட்டியையும் மட்டும் காட்டினால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? கடலன்னை சீற்றம், விதியின் கூற்றம் என்று பெருமூச்சு விட்டு எழுந்து போவார். ஆனால், தெற்கே, புதுவை நகரின் தென்முனையில், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள்; அரிப்பு அடுத்த குப்பத்திற்குப் போயிற்று. அங்கே கல் கொட்டினால், அதற்கடுத்த குப்பம்! சேகர் தத்தாத்ரி, மறையும் கடற்கரைகளைப் பற்றிய தம் குறும்படத்தில் புதுவைக் கரையைச் சான்றாக்கி இந்தக் காரணத்தை விளக்கினார். விதி என்று தோன்றியது மனிதர் தீட்டிய திட்டத்தின் விளைவு என்று தெரிந்தபின், அழுத மூதாட்டி இரக்கத்திற்குரியவர் மட்டும் அல்லர். கணக்குக் கேட்க உரிமையுள்ளவர். விளைவைக் கருவி காட்டும்; காரணத்தை அறிவுதான் காட்டவேண்டும்.

எனவே, கருவி ஏந்தும் இளைஞர்க்கு நாம் சொல்வது இது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் படக்கருவி இருக்கிறது. ஆகவே இது இயக்குநர்க்கு மட்டும் சொல்வதன்று. எடுக்குமுன் கேள், வேண்டாம் என்றால் விலகு, முகமின்றியும் செயலைக் காட்ட வழி தேடு. எடுத்தபின், அயல்நாட்டு விழாவுக்கு அனுப்புமுன், அந்தத் தெருவிலே துணியைக் கட்டி, அவர்களுக்கு முதலில் காட்டு. இது நாங்கள் அல்ல என்று அவர்கள் சொன்னால், அதையும் படத்தில் சேர். படம் முடிந்தபின்னும் உறவை முடித்துவிடாதே. பட்வர்த்தனின் 1985ஆம் ஆண்டுப் படத்தில் பாடிய விலாஸ் கோக்ரே என்னும் தலித் பாடகர், 1997இல் பம்பாய் இரமாபாய் நகரில் காவலர் சுட்டுப் பத்துப்பேர் மாண்டபோது, மனம் உடைந்து தூக்கிட்டுக்கொண்டார். அவர் ஏன் மாண்டார் என்ற கேள்வியோடு அந்த இயக்குநர் பதினான்கு ஆண்டுகள் நடந்து, 2011இல் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தை முடித்து, அந்த மக்கள் வாழும் தெருக்களிலேயே திரையிட்டார். சீறிய தாய்க்கு அது முழு விடை ஆகாது. ஆனால், விடை தேடியவர் நடந்த வழி அது.

பார்ப்பவர்க்கும் கடன் உண்டு. கண்ணீர் விட்டதும் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது, உண்டியலில் காசு போட்டதும் பாவம் தீர்ந்தது என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். திரையில் கண்டவரைத் தெருவில் காணும்போது கண்ணை வேறுபக்கம் திருப்பினால், நாம் பார்த்தது படமாகாது, வேடிக்கை.

காலாப்பட்டில் படிக்கும் தோழர்களே! பல்கலைக்கழக வாயிலிலிருந்து குப்பத்திற்கு நடந்தே போய்விடலாம். கருவியோடு போங்கள், கேள்வியோடு போங்கள். அங்கே ஒருவர் 'காட்டாதே' என்றால், நின்று கேளுங்கள்: மறைக்கப்படுவது முகமா, செயலா? முகமானால் கருவியைத் தாழ்த்துங்கள். செயலானால், எவர் வந்து மறித்தாலும் தாழ்த்தாதீர்கள்.