யாருடைய மூன்று நிமிடம்?

சிம் ரேஸிங் ஆடாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் வேகம் என்பது ஆக்ஸிலேட்டர் சமாச்சாரம் இல்லை. ஆக்ஸிலேட்டரை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். நேரம் குறைவது பிரேக்கில்தான். அதிலும் மிதிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம்.

2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, ஜி.டி. கார் என்றால் என்னவென்று நம்மூரில் விளக்க வேண்டியதில்லை. அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனேயில் நான் ஓட்டுவது ஒரு ஜி.டி.3. தளம், பெல்ஜியத்தின் ஸ்பா. ஒரு சுற்று 7 கிலோமீட்டருக்குச் சற்றே மேல். எட்டு மாதத்தில் 2 நிமிடம் 24 விநாடியிலிருந்து 2 நிமிடம் 19-க்கு வந்திருக்கிறேன்.

அந்த ஐந்து விநாடி எங்கே ஒளிந்திருந்தது? டயரின் பிடிமானத்தைக் கையிருப்புப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கவும் திரும்பவும் அதே கையிருப்பிலிருந்துதான் செலவு. மொத்தத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். அதனால் வளைவுக்குள் நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். லா சோர்ஸ் என்ற முதல் கொண்டை ஊசி வளைவில் அவசரப்பட்டு உள்ளே பாய்ந்தால், வெளியே வரும்போது காத்திருக்க நேரும். அந்த நஷ்டம் அங்கேயே முடியாது. கீழே ஓ ரூஜ், பிறகு மேட்டில் ஏறி கெம்மல் நேர்ப்பாதை முடியும்வரை கூடவே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. ரத வீதி முக்கு வந்ததும் காரியம் சக்கரத்துக்கடியில் கட்டை கொடுக்கும் சிலர் கைக்குப் போய்விடும். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேருக்கோ அது இல்லாமல் திருப்பமே கிடையாது.

நான் இருப்பது ராஜபாளையத்தில். வாரத்தில் இரண்டு நாளாவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கார் எடுத்துப் போக வேண்டியிருக்கும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா மகன் கேட்டான்: "ஸ்பாவுலயே அந்தப் போடு போடுற, இந்த ரோட்டுல எதுக்கு மச்சான் இப்படி உருட்டுற?" அவன் கேலிக்குத்தான் கேட்டான். எனக்கு அது நிஜமான கேள்வியாக இருந்தது. ஒரு திறமை கூடினால், அதைப் பயன்படுத்தும் உரிமையும் கூடுகிறதா?

திறமை பொம்மைத் திறமை என்று தட்டிக்கழிக்க முடியாது. வீடியோ கேமில் ஓட்டிப் பழகிய யான் மார்டன்பரோ 2011-இல் ஜி.டி. அகாடமி போட்டியில் வென்று, 2013-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் ஓட்டினார். 2015 மார்ச்சில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய தளத்தில், அவர் ஓட்டிய ஜி.டி.3 கார் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். இதற்காக மார்டன்பரோ மீது பழி போட நான் வரவில்லை. அதன்பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். வேகத்துக்கென்றே இருக்கும் அந்தத் தளத்தின் சில பகுதிகளில் வேக வரம்பு வைத்தார்கள். மேடுகளைச் சரிசெய்த பிறகே அதை எடுத்தார்கள். ஓட்டுபவர்கள் எல்லாரும் ஆபத்தை அறிந்து கையெழுத்துப் போட்டவர்கள். வேலிக்கு அப்பால் நின்றவர் அப்படி இல்லை.

இப்போது நம் சாலைக்கு வருவோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மணிக்கு 60-இல் போனால் 12 நிமிடம், 80-இல் போனால் 9 நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது, பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. இதில் ஓட்டுபவரின் திறமைக்குப் பெரிய வேலை இல்லை. மில் ஷிப்ட் முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவர், சாலையைக் கடக்கும் ஆடு மேய்ப்பவர் — அந்தக் கூடுதல் தூரத்துக்குள் இருப்பவர்கள் இவர்கள்தான். மூன்று நிமிடம் என் கணக்கில் வரவு. செலவு அவர்கள் கணக்கில்.

"ரோட்டுக்கு வந்தாலே ஆபத்துக்குச் சம்மதம்னுதானே அர்த்தம்?" என்று கேட்கலாம். ஓரளவு சரி. 60-இல் போனாலும் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடாது. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஆபத்து அது. அதற்கு மேல் நான் கூட்டுவதை நான் மட்டும்தான் கூட்டுகிறேன், யாரையும் கேட்காமல்.

சிம் எனக்குள் வைத்த ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்னால் இடைவெளி தெரிந்தால் கண் உடனே அதற்குள் காரைப் பொருத்திப் பார்க்கிறது. தளத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். இடைவெளி காலியாகத் தெரிந்தால் பெரும்பாலும் காலிதான். நம் சாலையில் அது இன்னும் வந்து சேராத ஒருவருக்கான இடம். எதிர்ப்பக்கம் லாரிக்குப் பின்னாலிருந்து அவர் எட்டிப் பார்ப்பதற்குள் நான் அங்கே போயிருக்கக் கூடாது.

மாமா மகனின் கேள்விக்கு என் பதில் இதுதான்: கூடுதல் திறமை கூடுதல் உரிமையைத் தருவதில்லை. எதிர்பாராமல் ஒருவர் குறுக்கே வந்தால் அவருக்குக் கொடுக்க என் கையில் கொஞ்சம் அதிகம் இருக்கிறது, அவ்வளவே. அதை முன்கூட்டியே வேகத்தில் செலவழித்துவிட்டால் அந்த நேரத்தில் எதைக் கொடுப்பது? ஸ்பாவில் 2 நிமிடம் 18-ஐ எப்படியும் தொட்டுவிட வேண்டும் என்றிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது லாரிக்குப் பின்னாலேயே போகிறேன். அவன் இப்போதும் கேலி செய்கிறான்.