ஒரு ரூபாய் எடையில் ஒரு விமானம்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் மாதிரி விமானம் விட நினைப்பவருக்குக் கடற்காற்றுதான் முதல் எதிரி. பகல் ஏறியதும் கிழக்கிலிருந்து கிளம்பும். சில கிராம் எடையுள்ள எதையும் தென்னந்தோப்புக்கு மேலே கொண்டுபோய்விடும். இந்த ஊருக்குத் தோதானது கூரைக்குக் கீழே பறக்கிற விமானம். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தால் போதும். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்தி ஜன்னல்களைச் சாத்த வேண்டும். வியர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை.

உள்ளரங்கப் பறத்தலின் உச்சப் பிரிவுக்கு எஃப்1டி என்று பெயர். இறக்கை 55 செ.மீ., ஆனால் எடை ஒன்றரை கிராம்கூட இராது. முறுக்கிய ரப்பர்தான் என்ஜின். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரின் உப்புச் சுரங்கத்துக்குள் இதற்கு உலகப் போட்டியே நடந்திருக்கிறது. இருபது நிமிடத்தைத் தாண்டிப் பறக்கும். புதிதாக வருகிறவர் இதைத் தொட்டால் கையில் மிஞ்சுவது சுள்ளிதான். அவர்களுக்காக அமெரிக்கர்கள் எளிதாக்கி வைத்த பிரிவு பென்னிபிளேன். ரப்பர் நீங்கலாக விமானத்தின் எடை 3.1 கிராமுக்குக் குறையக் கூடாது. அது அவர்களுடைய பழைய செப்புச் சென்ட் நாணயத்தின் எடை. 2019இல் வெளிவந்த நம் புதிய ஒரு ரூபாய் நாணயம் 3.09 கிராம்! மின்தராசு தேடி அலைய வேண்டாம். பென்சில் மேல் ஒரு ஸ்கேலைச் சமமாக நிறுத்தி, ஒரு முனையில் நாணயம், மறுமுனையில் விமானம் என்று வைத்துப் பார்த்துவிடலாம்.

எடை குறையக் கூடாது என்று எதற்காக ஒரு விதி? இந்தப் பந்தயத்தில் நேரம்தான் வெற்றி. நேரத்தைத் தருவது லேசான எடை. அதே இறக்கையில் எடை நான்கு மடங்கானால், தாங்கி நிற்க இரண்டு மடங்கு வேகம் வேண்டும். அதற்குச் செலவாகும் திறனோ எட்டு மடங்கு. விதி இல்லாவிட்டால் அனுபவசாலிகள் கால் கிராம் கால் கிராமாகச் சுரண்டிக்கொண்டே போவார்கள். புதியவர் வாசலிலேயே நின்றுவிடுவார். 3.1 கிராம் என்றால் சாதாரண பால்சா குச்சி, மெல்லிய பிளாஸ்டிக் தாள், கொஞ்சம் பசை, பொறுமை இவற்றோடு எட்டிவிடலாம்.

லேசான எடை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. அப்போது புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்சில், 1871 ஆகஸ்டில், பாரிஸின் தூயிலரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். இறக்கை சுமார் 45 செ.மீ., எடை 16 கிராம், பறந்தது 11 விநாடி. பென்னிபிளேனின் இறக்கையும் ஏறத்தாழ அதே நீளம்தான். ஆனால் ரப்பரோடு சேர்த்தும் ஐந்து கிராமைத் தொடாது; நாம் கூடவே நடந்து போகலாம், அவ்வளவு மெதுவாக நிமிடக்கணக்கில் சுற்றும். வால் இறக்கை வைத்து விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் வித்தையை அன்றே செய்துகாட்டியவர் பெனோ. அந்த விஷயத்தில் நாம் இன்னும் அவர் கடனாளிகள்.

பென்னிபிளேனிலும் கட்டுப்பாடு கூடிய வகையில் இறக்கை 18 அங்குல நீளம், 5 அங்குல அகலம். புரொப்பெல்லர் 12 அங்குலம். தொடங்க அதுவே நல்லது. புரொப்பெல்லர் இதழ்களைத் தயிர் கப்பின் வளைவிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் சாயப் பார்க்கும். அதனால் விமானத்தை இடப்பக்கமே வட்டமிடவிட்டு, இடது இறக்கையின் முன்விளிம்பைத் துளி நிமிர்த்தி வைப்பது வழக்கம். மூக்கைத் தூக்கித் தூக்கித் தடுமாறினால் இறக்கையின் முன்புறத்தைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். தலைகுப்புறப் போனால் உயர்த்த வேண்டும். கைவேலை இவ்வளவுதான்.

உண்மையான படிப்பு ரப்பரில். எண்ணெய் தடவி, நான்கைந்து மடங்கு நீட்டிப் பிடித்துக்கொண்டே முறுக்க வேண்டும். சுற்று ஏற ஏற மெல்லக் கிட்டே வர வேண்டும். தொடக்கத்தில் விசை மிகுதி, பிறகு நெடுநேரம் மிதம், கடைசியில் சரிவு. ரப்பர் தடித்தால் விமானம் நேரே மேலேறி மண்டபத்துச் சரவிளக்கில் மாட்டும். மெலிந்தால் தரையை விட்டு எழாது. மாட்டியதை இறக்க நூல் கட்டிய ஹீலியம் பலூன் இருக்கட்டும். பறக்கும்போது சுவரில் மோதாமல் தள்ளிவிடவும் போட்டிகளில் பலூனை அனுமதிக்கிறார்கள்.

மண்டபத்துக் கூரை தாழ்வானது என்று கவலைப்பட வேண்டாம். ரப்பரைக் கால் நீளத்துக்கு வெட்டி, மீதி முக்கால் ரப்பரின் எடைக்கு ஈடாக ஒரு குச்சியை அதன் இடத்தில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். ஏறுவது கால் உயரம், பறப்பது கால் நேரம். இங்கே ஒன்றரை நிமிடம் நின்றால், உப்பளம் உள்விளையாட்டரங்கம் போன்ற உயரமான இடத்தில் முழு ரப்பருக்கு ஆறு நிமிடத்தை எதிர்பார்க்கலாம்.